போர் தண்ணீரில் வண்ண மீன்கள்

"வாங்கிட்டுப் போன ஒரே வாரத்துல செத்துப்போச்சுண்ணா." சென்னை கொளத்தூரில் எந்த வண்ண மீன் கடையில் சற்று நேரம் நின்றாலும் இந்தப் புகார் காதில் விழும். கடைக்காரர் ஒரு நீல மருந்துப் புட்டியையோ இன்னொரு ஜோடி மீனையோ கொடுத்து அனுப்புவார். வாங்க வந்தவரும் சமாதானமாகிப் போய்விடுவார். மீன் எதனால் செத்தது என்று இருவரும் கேட்டுக்கொள்வது அரிது.

கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் விடை கிடைக்கும். நன்னீர் மீன் தொட்டியைப் பற்றி மனிதர்கள் ஏறக்குறைய 175 ஆண்டுகளாக யோசித்து, சோதித்து, எழுதி வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த அறிவின் பெரும்பகுதி இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் போன்ற குளிர்ப் பகுதிகளில் உருவானது. ஹீட்டர் இல்லாத தொட்டியே அங்கு கிடையாது என்று சொல்லலாம். நமக்கோ மே மாதத்தில் தண்ணீர் 32 பாகையைத் தாண்டுகிறது. போர் தண்ணீர், மெட்ரோ வாட்டர், லாரி தண்ணீர், ஆர்ஓ என்று ஒரே வீட்டில் நான்கு வகைத் தண்ணீர் புழங்குகிறது. அங்கிருந்து வந்த அறிவுரைகளில் எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதைத் திருத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்த மீனுக்காகத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பவர் தோற்கிறார். கிடைக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனையும் செடியையும் தேர்ந்தெடுப்பவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத கூட்டம்

1850இல் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்கள், ஒரு வாலிஸ்நேரியா செடி. செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு, மீன் விடும் கரியமில வாயு செடிக்கு என்பது கணக்கு. சில நாளில் அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்ட பிறகு அவை அழுகலைத் தின்று தீர்த்தன, தண்ணீரும் தெளிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1853இல், லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது.

மீன், செடி, நத்தை என்ற வாரிங்டனின் கணக்கில் ஒரு முக்கியமான தரப்பு விடுபட்டிருந்தது. அது பாக்டீரியா. மீனின் கழிவு பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஒரு வகை நுண்ணுயிர்கள் இதை நைட்ரைட் ஆக்குகின்றன. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் கடும் விஷம், மூன்றாவதை மீன் ஓரளவு தாங்கும். இந்த நுண்ணுயிர்கள் எவை என்பதில் பாடநூல்களே நீண்ட காலம் தவறாக இருந்தன. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று எல்லோரும் எழுதிவந்தார்கள். தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று 1998இல் டிமோத்தி ஹோவனெக் குழுவினர் காட்டினர். 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்தே, இரண்டு கட்டத்தையும் தனியாளாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராவைக் கண்டுபிடித்தார்கள். வீட்டில் மீன் வளர்ப்பவருக்கு இதில் நேரடிப் பாடம் ஒன்று உண்டு. புட்டியில் அடைத்து விற்கும் "நல்ல பாக்டீரியா" எல்லாம் ஒரே தரமானவை என்று நம்ப முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சை வாங்கி வந்து புதுத் தொட்டியின் ஃபில்டரில் வைப்பது எந்தப் புட்டியையும்விட நம்பகமானது. அந்தத் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும் என்பதால், ஸ்பாஞ்ச் தருபவரின் மீன்களை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கூட்டம் பெருகி நிலைகொள்ள நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வாங்கிய ஒரே வாரத்தில் செத்த மீன் பெரும்பாலும் இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்ட மீன்தான். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கும் வழக்கத்தை விட முடிந்தால், கொளத்தூரில் விற்கும் எந்த மருந்தையும்விட அது அதிக உயிர்களைக் காப்பாற்றும். மீன் இல்லாமல் தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு அழுக விடலாம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தெரியும்வரை காத்திருந்து, பிறகு இரண்டு மூன்று மீனாகச் சேர்க்கலாம். இதற்கு வேண்டிய சோதனைத் திரவங்களின் விலை ஒரு நல்ல ஜோடி மீனின் விலைதான்.

அம்மோனியா எவ்வளவு இருந்தால் ஆபத்து என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. இங்கேதான் நம் ஊர்த் தண்ணீரின் குணம் முன்னால் வந்து நிற்கிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அயனி வடிவம், அவ்வளவு கெடுதல் செய்யாது. மற்றொன்று செவுளுக்குள் எளிதாகப் புகும் வாயு வடிவம். எது எவ்வளவு என்பதைப் பிஎச் அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. பிஎச் 7, வெப்பம் 25 பாகை என்றால் மொத்த அம்மோனியாவில் அரை விழுக்காடு சொச்சம்தான் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8, வெப்பம் 30 பாகை என்றால் அது 7.5 விழுக்காடு, அதாவது 13 மடங்கு. பிஎச் 7 தண்ணீர் வைத்திருப்பவருக்குச் சிறு பிசகாக முடியும் ஒரு தவறு, போர் தண்ணீர் வைத்திருக்கும் தாம்பரத்துக்காரருக்கு மே மாதத்தில் தொட்டியையே காலி செய்யும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வரை அம்மோனியாவை அனுமதிக்கிறது. நமக்குப் பாதகமில்லை. பிஎச் 8, 30 பாகை தொட்டியில் அதே அளவு, நீண்ட நாளில் மீனின் செவுளைக் கெடுக்கும் எல்லையைத் தாண்டிவிடும்.

நைட்ரைட்டின் கதை வேறு. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏந்த முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீனின் செவுளைப் பார்த்தால் சிவப்பு மங்கிப் பழுப்பேறியிருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் மீன் மூச்சுத் திணறும். இதற்கு மட்டும் அடுப்படியிலேயே மருந்து இருக்கிறது. குளோரைடு அயனி செவுளில் நைட்ரைட்டின் வழியை அடைக்கும் என்பதால், பத்து லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கல் உப்பு போதும். செடிகளையும் அந்த அளவு ஒன்றும் செய்யாது. உடனே கால்வாசித் தண்ணீரையும் மாற்ற வேண்டும்.

பாக்டீரியாக் கூட்டத்தை நாமே அழிப்பதற்கும் வழிகள் உண்டு, அதில் முதலிடம் சுத்தத்துக்கு. மாதம் ஒருமுறை மீனை வாளியில் எடுத்துவிட்டு, கூழாங்கல் முதல் ஸ்பாஞ்ச் வரை எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பும் பழக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் மீன் முதல் நாள் தொட்டிக்கே திரும்புகிறது. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்ப வைத்தால் போதும். பழுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

வாளியில் வருவது என்ன

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், இருக்கவும் வேண்டும். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது ஐஎஸ் 10500இன் விதி. அதற்கும் குறைவான அளவே செவுளைப் புண்ணாக்கப் போதும். ஒரு நாள் வாளியில் வைத்து ஏர் பம்ப் ஓட விட்டால் குளோரின் போய்விடும். அவசரத்துக்குக் கடைகளில் "ஆன்டி குளோரின்" என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் உண்டு. ஒரு கிராம் குளோரினுக்கு ஏழு கிராம் வீதம் அது வேலை செய்யும். லாரி தண்ணீரில் எவ்வளவு குளோரின் கொட்டியிருப்பார்கள் என்பது அன்றைக்கு அன்றைக்கு மாறும். மூக்கில் நெடி ஏறினால் கணக்குப் பார்க்காமல் இரண்டு நாள் வைத்துவிடுவது நல்லது.

சென்னையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மீஞ்சூர் ஆலை 2010இலும் நெம்மேலி ஆலை 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கின. ஏரி நீர், வீராணம், கடல்நீர் ஆலை என்று எந்தப் பகுதிக்கு எது வருகிறது என்பது பருவத்துக்கேற்ப மாறும். பெயர் மெட்ரோ வாட்டர்தான், உள்ளே இருக்கும் உப்பும் காரத்தன்மையும் மாதத்துக்கு மாதம் ஒன்றாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று இருந்தால் மாற்றம் உடனே தெரியும்.

போர் தண்ணீரில் குளோரின் கிடையாது. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரைந்த வாயுக்கள் அதிகம், சில இடங்களில் இரும்பும் இருக்கும். நேரே தொட்டியில் விடாமல் ஓர் இரவு காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். கடினத்தன்மை அதிகம் என்பதைப் பலரும் நோயாகவே பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கால்சியமும் பைகார்பனேட்டும் கொண்ட கடின நீர் பிஎச் அளவைக் கெட்டியாகப் பிடித்து வைக்கும். மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் மீன் எல்லாம் அதில் செழிக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்களுக்கு அது சொந்த ஊர்த் தண்ணீர் மாதிரி. கடலோரக் கிணறுகளில் வரும் உவர்ப்பு வேறு விஷயம். அங்கே அளவை ஏற்றுவது சோடியமும் குளோரைடும். மோலி அதையும் தாங்கும், பெரும்பாலான செடிகள் தாங்காது. டிடிஎஸ் 1500 என்று இரண்டு கிணறுகளும் காட்டலாம், இரண்டிலும் வளர்வது ஒன்றாக இருக்காது.

ஆர்ஓ தண்ணீர்தான் தூய்மையானது, மீனுக்கும் அதையே ஊற்றுவோம் என்ற எண்ணம் இப்போது பரவலாக இருக்கிறது. இதன் விளைவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆர்ஓ நீரில் பைகார்பனேட் ஏறக்குறைய இல்லை. பாக்டீரியா ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது ஏழு மில்லிகிராமுக்கும் மேலான காரத்தன்மையைத் தின்றுவிடுகிறது. சில வாரங்களில் கையிருப்பு தீர்ந்து பிஎச் 6க்குக் கீழே சரிகிறது. அந்த அமிலத்தில் பாக்டீரியாக்களின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும், அம்மோனியா ஏறும். ஆனாலும் மீன் சாகாது, ஏனென்றால் குறைந்த பிஎச்சில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அவ்வளவு கெடுதல் செய்யாத அயனி வடிவில் இருக்கிறது. மீன் சோர்ந்திருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போர் தண்ணீரை ஊற்றுகிறார். பிஎச் சில நிமிடங்களில் 8ஐ நெருங்குகிறது. தேங்கியிருந்த அம்மோனியா விஷ வடிவத்துக்கு மாறுகிறது. மாலைக்குள் எல்லாம் மிதக்கிறது. "தண்ணி மாத்தினதுதான் தப்பு, மாத்தாம விட்டிருந்தா பொழச்சிருக்கும்" என்ற முடிவுக்கு வருகிறார். தண்ணீர் மாற்றவே பயப்படும் பல பழைய வளர்ப்பாளர்களின் அச்சத்துக்குப் பின்னால் இந்த வேதியியல்தான் இருக்கிறது. ஆர்ஓ நீரைத் தனியாக ஊற்றாமல் போர் தண்ணீரோடு ஒரே விகிதத்தில் கலந்து ஊற்றி வந்தால் இந்த விபத்து நேராது.

தண்ணீர் மாற்றுவதை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, எவ்வளவு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கூட்டல் கணக்கே போதும். ஒரு தொட்டியில் வாரம்தோறும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் அது கடைசியில் 100 வரை ஏறித்தான் நிற்கும். கால் பங்கு மாற்றினால் 40, பாதி மாற்றினால் 20. ஊற்றும் தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரேட் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். உரம் போட்ட வயல்களை ஒட்டிய கிணறுகளில் அது சாதாரணம், குடிநீர்த் தரமே 45 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. மீன் குறைவாக உள்ள செடித் தொட்டிக்கு வாரம் கால் பங்கு என்பதே என் பரிந்துரை. கோடையில் இதை அதிகாலையில் செய்ய வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அதைத் தொட்டியில் பாய்ச்சினால் குளோரின், பிஎச் எதுவும் தேவையில்லை, சூடே கொன்றுவிடும். சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தையும் விட வேண்டும். தொட்டித் தண்ணீரில் மனிதத் தோலைத் தாக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம் இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் கையுறை போடாமல் தொட்டிக்குள் கை விடக்கூடாது.

வெப்பம்

20 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும். 30 பாகையில் ஏழரைதான். அதே பத்துப் பாகை உயர்வில் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைந்து செலவு கூடும் இந்த நெருக்கடியில்தான் தமிழ்நாட்டுச் சமவெளி மீன்கள் ஆண்டில் நான்கைந்து மாதம் வாழ்கின்றன. வெளிநாட்டு நூல் சொல்லும் மீன் எண்ணிக்கையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். மூன்றில் ஒரு பங்காவது குறைக்க வேண்டும்.

ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன் என்ற பழைய விதியை முழுவதுமாகவே விட்டுவிடலாம். மூன்று சென்டிமீட்டர் நியான் டெட்ரா பத்தும், முப்பது சென்டிமீட்டர் ஆஸ்கர் ஒன்றும் அந்த விதிப்படி சமம். எடையோ நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், ஆஸ்கரின் எடை பத்து நியான்களையும் சேர்த்ததைப் போல நூறு மடங்கு இருக்கும். தின்பதும் கழிப்பதும் அதற்கேற்பவே. விரல் நீளத்தில் விற்கும் செவ்வால் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேல் வளரும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஹீட்டர் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வேண்டும். சென்னைக்கோ மதுரைக்கோ அதில் போடும் பணத்தை ஒரு சிறு மின்விசிறியில் போடலாம். நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசினால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை இறங்கும். மதுரை, கோவை போன்ற காற்றில் ஈரம் குறைந்த ஊர்களில் பலன் கூடுதல். இதில் கவனிக்க வேண்டியது, ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தங்கிவிடும். குறையும் அளவைத் தினமும் போர் தண்ணீரால் ஈடுகட்டினால் கோடை முடிவதற்குள் டிடிஎஸ் கணிசமாக ஏறியிருக்கும். ஈடுகட்டுவதற்கு ஆர்ஓ நீரையும், வார மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீரையும் பயன்படுத்த வேண்டும். வீட்டுத் தொட்டியில் ஆர்ஓ நீருக்கு உரிய இடம் இதுதான்.

மின்வெட்டு இன்னொரு உள்ளூர்ச் சங்கதி. மீன் ஒருவேளை தாங்கும், ஃபில்டருக்குள் அடைபட்ட பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சில மணி நேரத்தில் மடியத் தொடங்கும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வெகுநேரம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுத்தான் திரும்ப ஓட விட வேண்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்போடு இணைந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், விலை குறைவானதாக இருந்தாலும், நம் ஊருக்கு மிகப் பொருத்தமானது.

செடிகள்

செடி அலங்காரத்துக்கு வைப்பது என்ற எண்ணத்தை மாற்றியவர்கள் இருவர். ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் தகாஷி அமானோ, செடிகளால் நிலக்காட்சி அமைக்கும் கலையை உலகம் முழுவதும் கொண்டுசென்றார். கரியமில வாயு செலுத்தி, வலுவான விளக்கில், சத்துள்ள தனி மண்ணில் வளர்ப்பது அவர் வழி. அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட நூலில் அதற்கு நேர் எதிரான ஒன்றை வாதிட்டார். சாதாரணத் தோட்டமண், மேலே மெல்லிய மணல் மூடல், மிதமான ஒளி, அடர்ந்த செடிகள், குறைந்த மீன்கள். நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே விரும்பி எடுக்கும் என்பதால் செடியே ஃபில்டராகிவிடும் என்றார்.

அமானோ காட்டிய அழகை மறுக்க முடியாது. ஆனால் இந்த ஊரில் முதல் தொட்டி வைப்பவருக்கு நான் வால்ஸ்டட் பக்கம்தான் கைகாட்டுவேன். அமானோ பாணி மண் தண்ணீரின் காரத்தன்மையை உறிஞ்சி பிஎச் அளவை இறக்கும் குணம் கொண்டது. கடினமான போர் தண்ணீரில் அந்தச் சக்தி சில மாதங்களில் தீர்ந்துவிடும், விலையோ அதிகம். தோட்டமண் போதும். தொழு உரமோ ரசாயன உரமோ கலக்காத மண்ணாக இருக்க வேண்டும், கலந்திருந்தால் அம்மோனியா கக்கும். மேலே போடும் கல் சுண்ணாம்புக் கல்லா என்று பார்க்க இரண்டு சொட்டு வினிகர் விட்டால் நுரைப்பது தெரிந்துவிடும்.

செடி வளராததற்கு முதல் காரணம் பெரும்பாலும் கரியமில வாயு. காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் சொச்சமே கரைந்திருக்கும். போதாக்குறைக்கு அது நீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. சிலிண்டர் வைத்து 20, 30 மில்லிகிராம் வரை ஏற்றுபவர்கள் உண்டு. வேறு வழியும் இருக்கிறது. வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் கடின நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நம் கண்மாய்களில் அவை அப்படி மண்டுகின்றன. ஹைக்ரோபிலா வகைகளும் செராட்டோபில்லமும் வெயிலுக்கும் கடின நீருக்கும் அசையாதவை. நிழலில் வளரும் அனுபியாஸ், ஜாவா பெரணி இரண்டுக்கும் கிழங்கு போன்ற தண்டை மண்ணில் புதைக்கக்கூடாது, கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்ட வேண்டும். புதைத்தால் தண்டு அழுகும். கிரிப்டோகொரைன் நட்ட சில நாளில் இலை எல்லாம் கரைந்து போனால் பதறிப் பிடுங்க வேண்டாம். வேர் உயிரோடு இருக்கும், புதுச் சூழலுக்கேற்ற இலை வரும்.

பாசியைப் பற்றிய விவாதம் நீண்டது. பாஸ்பேட்டைப் பட்டினி போட்டால் பாசி ஒடுங்கும் என்று 1996இல் செடித் தொட்டி ஆர்வலர்களான சியர்ஸ், கான்லின் இருவரும் எழுதினார்கள். இன்னொரு செடித் தொட்டி ஆர்வலரான டாம் பார் அதை மறுத்து, சத்து எதிலும் குறை வைக்காமல் போட்டுவிட்டு வாரம் பாதித் தண்ணீரை மாற்றினால், செடி செழிக்கும், பாசி தானே அடங்கும் என்று காட்டினார். அடர்ந்த செடித் தொட்டிகளில் பார் சொன்னதே சரியாக வருகிறது. வீடுகளில் நான் காணும் பாசி பெரும்பாலும் ஜன்னல் வெயிலாலும், பன்னிரண்டு மணி நேரம் எரியும் விளக்காலும், அதிகத் தீனியாலும் வருவது. விளக்கை ஆறேழு மணி நேரத்துக்குக் குறைத்து, தீனியை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவாக்கிவிட்டுப் பிறகு மற்றதை யோசிக்கலாம். செடி அடர்ந்த தொட்டியில் இரவெல்லாம் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து திணறினால், ஏர் பம்ப்பை இரவில் மட்டும் ஓட விட்டால் தீரும்.

மருந்துப் புட்டிக்கு முன்

தண்ணீர் சரியாக இருந்தும் வரும் நோய்களில் வெள்ளைப்புள்ளி நோய் முதன்மையானது. இக்தியோப்திரியஸ் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் வளர்கிறது. பிறகு உதிர்ந்து தரையில் ஒட்டி நூற்றுக்கணக்கில் பிரிகிறது. பிரிந்தவை நீந்திப் போய் அடுத்த மீனைத் துளைக்கின்றன. நீந்தும் கட்டத்தில் மட்டும்தான் மருந்து வேலை செய்யும். மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்திவிட்டால், தரையில் ஒட்டியிருந்தவை அடுத்த வாரம் கிளம்பும். பத்து நாளாவது தொடர வேண்டும். கார்த்திகை, மார்கழியில் இரவு குளிரும்போது இந்த நோய் வருகிறது. 30 பாகைக்கு மேல் அதன் பெருக்கம் தடைப்படுவதால், ஹீட்டர் நமக்கு உண்மையில் உதவும் தருணம் அதுதான்.

ஆனால் வாயிலும் முதுகிலும் சாம்பல் வெண்மையாகப் பஞ்சுபோல் படர்வது கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். அதற்குச் சூடு பிடிக்கும். புள்ளி என்று நினைத்து வெப்பத்தை ஏற்றினால் இரண்டு நாளில் தொட்டி போய்விடும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். தனித்தனியாக, ரவை சிதறியதுபோல் தெரிவது ஒட்டுண்ணி. ஓரம் தெளிவில்லாமல் படர்ந்திருப்பது பாக்டீரியா.

நீல மருந்தான மெத்திலீன் நீலம் முட்டைகளைப் பூஞ்சையிலிருந்து காக்கும் நல்ல மருந்து. தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவையும் கெடுக்கும். சிகிச்சை எதுவானாலும் தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ செய்ய வேண்டும். லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கல் உப்புக் குளியலும் அப்படித்தான், அந்த அளவைப் பெரும்பாலான செடிகள் தாங்குவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டுவது இதில் மிக மோசமானது. அளவு தெரியாது, கிருமி எது என்று தெரியாது, மருந்துக்கு அடங்காத கிருமி உருவாக அதுவே வழி செய்யும். தமிழ்நாட்டு மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு மாதவரத்தில் மீன் நோய் ஆய்வகம் இருக்கிறது. நிறைய மீன் வைத்திருப்பவர்கள் அங்கே கேட்டுச் செய்யலாம்.

புது மீனை இரண்டிலிருந்து நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்தால் இவற்றில் பெரும்பகுதி தேவைப்படாது. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சிறிது சிறிதாகத் தண்ணீர் கலக்கும் முறை, அரை மணி நேரப் பயணத்தில் வந்த மீனுக்குச் சரி. கொல்கத்தாவிலிருந்து ஒரு நாள் முழுக்கப் பையில் வந்த மீனுக்கு அது ஆபத்து. மீன் விட்ட கரியமில வாயுவால் பை நீரின் பிஎச் இறங்கி, அம்மோனியா அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அம்மோனியா விழித்துக்கொள்ளும். வெப்பத்தை மட்டும் சமன்செய்துவிட்டு, பை நீரைத் தொட்டியில் கொட்டாமல் மீனை மட்டும் வலையில் எடுத்து உடனே மாற்றிவிட வேண்டும்.

எந்த மீன்

தங்கமீன் குளிர் விரும்பி, நிறையத் தின்று நிறையக் கழிக்கும். கண்ணாடிக் குடுவையில் வைப்பதற்கு மிகப் பொருத்தமற்ற மீன் அதுவே, குடுவையில் அதிகம் வைக்கப்படுவதும் அதுவே. டிஸ்கஸ் 28, 30 பாகையை விரும்பும் மீன், எனவே நம் கோடை அதற்குக் கஷ்டமில்லை. குஞ்சு பொரிக்கத்தான் மென்மையான நீர் வேண்டும். ஃபைட்டர், கௌராமி இரண்டும் காற்றையே நேராகச் சுவாசிக்கும் உறுப்புள்ளவை, ஆக்சிஜன் குறைந்த கோடையிலும் தாக்குப்பிடிக்கும்.

நம் ஊர் மீன்களை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் வருத்தம். வயல் வாய்க்காலிலும் கோயில் குளத்திலும் நீர்ப்பரப்பை ஒட்டி நீந்தும் அப்ளோக்கைலஸை மேலிருந்து பார்த்தால் தலையில் ஒரு வெள்ளிப் புள்ளி மின்னும். நான்கைந்து சென்டிமீட்டர் நீளம், வெயிலுக்கு அசையாது, கொசுப்புழுவைத் தேடித் தின்னும். அரியாங்குப்பம் ஆற்று மீனை வைத்து 1831இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட சூடோஸ்ப்ரோமெனஸ் குபானஸ் இன்னொன்று. ஆண் மீன் எச்சில் குமிழ்களால் கூடு கட்டி முட்டையைக் காவல் காக்கும், மேலே காற்றையும் சுவாசிக்கும். நூறு லிட்டர்த் தொட்டியில் ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் நிறைய நட்டு, இந்த இரண்டில் ஒன்றை ஆறேழு வைத்தால் ஹீட்டரோ சிலிண்டரோ மருந்தோ வேண்டாம். பிடிக்கும்போது தேவைக்குமேல் பிடிக்காமல், வீட்டில் பெருகியதை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். கேரள, கர்நாடக ஆறுகளின் டெனிசன் பார்ப் வண்ண மீன் சந்தைக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு அருகிப்போனதை நாம் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம்.

வேண்டாத மீனை ஏரியில் விடுவது புண்ணியம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பாசி தின்னும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விடப்பட்ட தென்னமெரிக்க சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. கரையைத் துளைத்து வளை தோண்டுகிறது. தின்னவும் யாரும் வாங்குவதில்லை. செடிகளும் அப்படியே. 2020இல் கோழிக்கோட்டு மாவட்டம் ஆவளப் பாண்டியில் இளஞ்சிவப்புப் பூப்பூத்து மக்கள் திரண்டு பார்த்த கபோம்பா, தொட்டிச் செடியாக வந்து வாய்க்காலை மூடிய வெளிநாட்டுச் செடிதான். வளர்க்க முடியாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், பல கடைகள் விலை இல்லாமல் வாங்கிக்கொள்ளும். வெட்டிய செடியை வெயிலில் நன்றாகக் காய வைத்து எருக்குழியில் போடலாம். மாற்றி எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றலாம், உப்போ மருந்தோ போட்ட வாரத்தில் மட்டும் வேண்டாம்.